டோக்கியோவின் இரு வாசல்கள்

1931-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி, டோக்கியோ நகரத்துக்குத் தெற்கே, தாமா நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஹனேடா என்னும் மீன்பிடிக் கிராமத்தின் ஓரமாக ஓர் ஆகாய விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை ஒன்றே ஒன்று. அதன் நீளம் 300 மீட்டர். அன்று அங்கிருந்து முதன் முதலாகக் கிளம்பிய விமானம், அக்காலத்தில் டைரன் என்று வழங்கிய டாலியன் துறைமுகத்தை நோக்கிப் பறந்தது. அதில் பிரயாணி என்று ஒருவர்கூட இல்லை. ஆயிரக் கணக்கான சில்வண்டுகள்தாம் இருந்தன! கூதிர்கால இரவுகளில் இந்தப் பூச்சிகளின் ரீங்காரத்தைக் கேட்டு இன்புறுவது ஜப்பானியரின் வழக்கம். கடல் கடந்து குடியேறியவர்களும் அந்த இன்பத்தை இழந்துவிடலாகாது என்று பூச்சிகளை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்.

பூச்சிகள் முதல் பிரயாணம் செய்த அதே ஹனேடாவில் 2024-ம் வருஷத்தில் வந்து போன மனிதர்களின் தொகை ஏறக்குறைய 8 கோடியே 59 லட்சம். அந்த வருஷத்தில் உலகத்து விமான நிலையங்களுக்குள் அதற்கு நான்காவது ஸ்தானம். அட்லாண்டா, துபாய், டல்லஸ் ஆகிய மூன்றே அதை முந்தி நின்றன. டோக்கியோவுக்கு இன்னொரு பெரிய விமான நிலையமும் உண்டு. நகரின் மத்தியிலிருந்து கிழக்கே சுமார் 40 மைல் தூரத்தில், சீபா மாகாணத்து வயல்களின் நடுவே இருக்கும் நரிதா அது. அங்கே அதே வருஷத்தில் வந்து போனவர்கள் ஏறக்குறைய 4 கோடிப் பேர். ஹனேடாவின் தொகையில் பாதிகூட இல்லை. (இந்தக் கணக்கில் ஒருவரே வந்திறங்கித் திரும்பவும் ஏறிப் போனால் இரண்டு பேராகவே எண்ணப்படுகிறார் என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.)

நரிதா எதற்காக உண்டாயிற்று என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விசித்திரமாகத் தோன்றும். ஹனேடாவில் இனி இடமில்லை, அதன் காலம் முடிந்துவிட்டது என்று தீர்மானித்துத்தான் ஜப்பான் சர்க்கார் நரிதாவைக் கட்டினார்கள். வெளிதேசப் போக்குவரத்து முழுவதையும் ஒரே நாளில் அங்கே மாற்றினார்கள். அப்படியிருக்க, முதுமை எய்தியதாகக் கைவிடப்பட்ட பழைய வாசலில் கூட்டம் நெரிகிறது. கோடிகளைக் கொட்டிக் கட்டிய புது வாசல் பின் தங்கி நிற்கிறது. தூரம் ஒரு காரணம். அது குழந்தைக்கும் விளங்கும். ஆனால் தூரத்தை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் கதையின் பெரும்பகுதி விட்டுப் போகும்.

*

முதலில் ஹனேடாவைப் பார்ப்போம். 1945-ம் வருஷம் யுத்தத்தில் ஜப்பான் தோற்றவுடன், அமெரிக்க ராணுவம் அந்த விமான நிலையத்தைத் தன் வசமாக்கிக் கொண்டது. இருந்த இடம் போதவில்லை. அதையடுத்துக் குடியிருந்த மூன்று பேட்டைகளின் ஜனங்களுக்கு, 48 மணி நேரத்துக்குள் வீடு வாசல்களை விட்டு வெளியேற வேண்டும் என்று செப்டம்பர் மாதத்தில் உத்தரவு பிறந்தது. சுமார் 3000 பேர் கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார்கள். வீடுகள் தரைமட்டமாயின. அங்கேயிருந்த அநாமோரி இநாரி கோயிலும் போயிற்று. அதன் செந்நிறத் தோரண வாயில் மட்டும் நின்றுவிட்டது. (ஜப்பானியர் அதை 'தோரீ' என்கிறார்கள், நம் தோரணத்தின் நினைவு வராமல் போகுமா?) அதைப் பெயர்க்க முயன்றவர்களுக்கு விபத்து நேர்ந்ததாக வதந்தி உண்டு. வதந்தி எப்படியாயினும், அந்த வாயில் விமான நிலையத்து வண்டிகள் நிறுத்தும் மைதானத்தின் நடுவிலேயே 1999-ம் வருஷம் வரையில் நின்றது. பிறகுதான் மரியாதையோடு ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்று நிறுத்தினார்கள்.

1952-ல் நிலையத்தின் பெரும்பகுதியும், 1958-ல் மிச்சமும் ஜப்பானியர் கைக்குத் திரும்பி வந்தன. 1964-ம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. உல்லாசத்துக்காக வெளிதேசம் போக விரும்பும் சாமானிய ஜப்பானியருக்கு அதுவரையில் இருந்த தடை ஏப்ரல் முதல் தேதி நீங்கிற்று. அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தயங்களுக்குச் சில வாரங்கள் முன்னதாக நகரிலிருந்து ஹனேடாவுக்கு ஒற்றைத் தண்டவாள ரயிலும் ஓடத் தொடங்கிற்று. ஜெட் விமானங்கள் வந்துவிட்டன, பிரயாணிகள் பெருகினார்கள், நிலையம் திணறிற்று. கடலைத் தூர்த்து விஸ்தரிக்கலாமே என்றால், கப்பல்களின் வழி அடைபடும் என்றார்கள். அக்காலத்து வேலைத்திறனுக்கு அது ஆகிற காரியமல்ல என்றும் சொன்னார்கள். மேற்கே பறக்கலாமே என்றால், அந்தப் பக்கத்து வான்வெளி யொகோடா என்னும் அமெரிக்க விமானப்படைத் தளத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. தன் தலைநகரத்தின் தலைக்கு மேலிருக்கும் ஆகாயத்தில் பறப்பதற்கு ஒரு சுதந்திர தேசம் அன்னிய ராணுவத்தின் தயவை நாடி நின்றது. 2008-ல் அந்த வான்வெளியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, முழுவதும் கிடைக்கவில்லை. விமானங்கள் கடலுக்கு மேல் சுற்றி உயர்ந்த பிறகே மேற்கே திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே புது நிலையத்துக்கு இடம் தேடினார்கள். முதலில் தோமிசாதோ என்னும் ஊரைக் குறிப்பிட்டார்கள். அங்கே எதிர்ப்புப் பலமாகக் கிளம்பவே, திட்டத்தின் அளவைப் பாதியாகச் சுருக்கி, 1966-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி மந்திரிசபை சன்ரிஸுகா என்னும் இடத்தைத் தீர்மானித்தது. அங்கே சக்கரவர்த்தி குடும்பத்தின் குதிரைப் பண்ணை ஒன்று இருந்தது. அது சர்க்காருக்கு எளிதில் கிடைக்கும். சுற்றிலுமுள்ள கொஞ்ச நிலத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டால் போயிற்று. இதுதான் கணக்கு.

கணக்கில் விட்டுப்போனவர்கள் அந்த நிலத்தை உழுதவர்கள். அவர்களில் பலர் யுத்தத்துக்குப் பின் மஞ்சூரியா முதலிய இடங்களிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்கள். சர்க்காரே அவர்களை அங்கே குடியேற்றிக் காட்டைத் திருத்தச் சொல்லியிருந்தது. இருபது வருஷம் வேர்களைக் கல்லி, எரிமலைச் சாம்பல் மண்ணைப் பண்படுத்தி, நிலக்கடலையும் கிழங்கும் விளைவிக்கும் பதத்துக்கு அவர்கள் கொண்டு வந்த சமயத்தில், அவர்களைக் கலந்து ஒரு வார்த்தை பேசாமலே தீர்மானம் வந்து சேர்ந்தது. பரந்தூரையும் ஏகனாபுரத்தையும் பற்றிப் பத்திரிகைகளில் படித்துவரும் நம் நேயர்களுக்கு அவர்களுடைய மனநிலையை விஸ்தரித்துச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் நடந்தது ஒரு சிறு யுத்தம். தொமுரா இஸ்ஸாகு என்பவர் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை வகித்தார். அவர் விவசாயக் கருவிகள் விற்றவர், கிறிஸ்தவர், சிற்பம் செய்யும் பழக்கமுள்ளவர். கிழவர்களுக்கு ஒரு படை, பெண்களுக்கு ஒரு படை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு படை என்று கிராமமே அணிவகுத்தது. பட்டணத்திலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1971-ல் சட்டத்தின் பலத்தைக் கொண்டு நிலத்தைப் பறிக்க வந்தபோது, பெண்கள் மரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக் கொண்டார்கள். சிலர் பூமிக்கடியில் வளை தோண்டிப் புகுந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி நடந்த கலவரத்தில் போலீஸ்காரர் மூவர் கொல்லப்பட்டனர். நான்கு நாள் கழித்து, குடிசையில் தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டியைப் போலீசார் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் குடிசையை இடித்தார்கள். அக்டோபரில் கிராமத்து இளைஞன் ஒருவன் தற்கொலை செய்து கொண்டான். 1977-ல் எதிர்ப்பாளர்களின் பக்கத்தில் ஓர் உயிர் போயிற்று. போலீசாரைக் கொன்றதை யாரும் நியாயப்படுத்த முடியாது. விவசாயிகளிலும் பலர் அதனால் மனம் ஒடிந்தார்கள். ஆயினும் இந்தச் சாவுகளுக்கெல்லாம் மூலம், கேட்காமல் செய்த அந்த ஜூலைத் தீர்மானம்தான் என்று நான் நினைக்கிறேன்.

1978-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி திறப்பு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். நான்கு நாளைக்கு முன் எதிர்ப்பாளர் சிலர் சாக்கடைக் குழாய் வழியாகப் புகுந்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிக் கருவிகளை உடைத்து நொறுக்கிவிட்டார்கள். விழா தள்ளிப் போயிற்று. மே 20-ந் தேதி, ஆயிரக் கணக்கான போலீசாரின் காவலில் நிலையம் திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும், வழியனுப்ப வந்தவரானாலும் சரி, நிறுத்தி அடையாளச் சீட்டைப் பார்க்கும் வழக்கம் அன்று தொடங்கிற்று. அது 2015-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் ஒழிந்தது.

*

இனிப் பிரயாணிகளின் தொகையைப் பற்றிப் பேசலாம்.

1978 முதல் விதி மிகத் தெளிவானது: உள்தேசத்துக்கு ஹனேடா, வெளிதேசத்துக்கு நரிதா. இந்த விதிக்கு வேடிக்கையான விலக்கு ஒன்று இருந்தது. சீன விமானமும் தைவான் விமானமும் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்ற ராஜதந்திரச் சிக்கலால், தைவானுடைய 'சைனா ஏர்லைன்ஸ்' மட்டும் 2002 வரையில் ஹனேடாவிலேயே தங்கிற்று. ஊரெல்லாம் நாற்பது மைல் அலைந்து கொண்டிருக்க, தைபே போகிறவர் மட்டும் நகரத்துக்குப் பக்கத்திலேயே விமானம் ஏறினார். சிக்கலில் சிக்கியதால் சுகப்பட்டவர்கள் உலகில் வெகு சிலரே!

மற்றவர்களின் பாடு எப்படியிருந்தது? நரிதாவுக்கு அதிவேக ரயில்பாதை ஒன்று போடத் திட்டமிட்டார்கள், வழி நெடுகிலும் எதிர்ப்பு, வேலை நின்றுபோயிற்று. நிலையத்தின் கட்டடத்துக்கு அடியில் அந்த ரயிலுக்கென்று தோண்டிய ஸ்டேஷன் பல வருஷங்கள் இருட்டில் கிடந்தது. வேறொரு கம்பெனியின் ரயிலில் வந்தவர்கள் சற்றுத் தூரத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பஸ் ஏற வேண்டியிருந்தது. 1991-ல்தான் ரயில்கள் கட்டடத்துக்கு அடியிலேயே வந்து நின்றன. 2010-ல் திறந்த புதுப் பாதையில் நிப்போரி என்னும் டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து நரிதாவின் இரண்டாவது கட்டடத்துக்கு 36 நிமிஷத்தில் போகலாம் என்றாயிற்று. முப்பத்திரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த வசதி!

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நரிதாவுக்கு மூன்று ஓடுபாதைகள் வகுத்திருந்தார்கள். திறந்த அன்று முடிந்திருந்தது 4000 மீட்டர் நீளமுள்ள ஒன்று மட்டுமே. மற்ற இரண்டுக்கும் வேண்டிய நிலத்தின் சில துண்டுகள் விவசாயிகளிடம் இருந்தன, அவர்கள் விற்கவில்லை. இப்படியாக, உலகத்தின் செல்வம் மிகுந்த நகரங்களில் ஒன்றுக்கு வெளிதேச வாசலாக விளங்கிய ஒரு நிலையம், இருபத்து நான்கு வருஷ காலம் ஒற்றை ஓடுபாதையோடு ஜீவித்தது. அந்த ஒற்றைப் பாதையிலும் இரவு பதினொரு மணி முதல் காலை ஆறு மணி வரையில் விமானம் இறங்கலாகாது, ஏறலாகாது. அப்படியும் 1990-களில் பிரயாணிகளின் தொகை வருஷத்துக்கு 2 கோடியைத் தாண்டிவிட்டது. டோக்கியோவுக்கு விமானம் விட விரும்பிய தேசங்கள் பல, இடமின்றி வருஷக் கணக்கில் காத்து நின்றன.

இரண்டாவது ஓடுபாதை 2002-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், உலகக் கால்பந்துப் பந்தயங்களுக்குச் சற்று முன்பாகத் திறக்கப்பட்டது. 2500 மீட்டர் இருக்க வேண்டியது 2180 மீட்டரோடு நின்றது. தெற்கே விவசாயிகளின் நிலம் இருந்ததால் பாதையையே வடக்கே நகர்த்திப் போட்டார்கள். பெரிய விமானங்களுக்கு அது போதவில்லை. 2009-ல்தான் வடக்கே இன்னும் நீட்டி 2500 மீட்டராக்கினார்கள். ஒரு விவசாயியின் நிலத்தைச் சுற்றிக் கொண்டு போவதற்காக, விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதை வளைந்து சென்றது. இறக்கைகளை விரித்த ராட்சதப் பறவைகள் வரிசையாக வந்து, ஒரு காய்கறித் தோட்டத்தின் வேலியோரம் திரும்பி, மரியாதையாக ஒதுங்கிப் போகும் காட்சியைப் படத்தில் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருவதுண்டு; சிரிக்கக் கூடாது என்றும் தோன்றுவதுண்டு.

சர்க்காரும் மனம் மாறினார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 1991 முதல் விவசாயிகளோடு பொதுச் சபையில் அமர்ந்து பேசினார்கள். பலவந்தமாக நிலம் எடுப்பதைக் கைவிட்டார்கள். 1995-ல் பிரதம மந்திரி முராயாமா உள்ளூர் ஜனங்களிடம் மன்னிப்புக் கோரினார். முதலில் பேசியிருந்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தாமதமாகியிருக்கும். பேசாததனால் ஏற்பட்ட தாமதம் ஒரு தலைமுறை. நரிதாவின் பிரயாணிகள் கணக்கை நான் படிக்கும் விதம் இதுதான். அந்தத் தலைமுறைக் காலத்தில் வந்திருக்க வேண்டிய பிரயாணிகள் அட்டவணையில் எங்கும் காணப்படமாட்டார்கள். ஆனால் அவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரியும். சிறு பட்டணங்களில் வசித்த ஜப்பானியர் பலர், ஹனேடாவில் இறங்கி நகரத்தைக் கடந்து நரிதா போய் வேறு விமானம் ஏறும் தொல்லைக்குப் பயந்து, நேரே தென்கொரியாவுக்குப் பறந்து, அங்கே 2001-ல் திறந்த இன்சியோன் நிலையத்தில் ஐரோப்பா விமானமும் அமெரிக்கா விமானமும் ஏறினார்கள்.

*

நரிதா இப்படிக் கட்டுண்டு கிடந்தபோது ஹனேடா என்ன செய்தது? ஆகாது என்று சொன்ன காரியத்தையே செய்தது: கடலுக்குள் நடந்தது. டோக்கியோ நகரத்தின் குப்பையும் துறைமுகத்தின் சேறும் கொட்டிய பகுதியைத் தூர்த்துப் புதிய ஓடுபாதைகள் போட்டார்கள். அந்தச் சேறு எவ்வளவு இளக்கம் என்றால், எஞ்சினீயர்கள் அதற்கு 'மயோனைஸ்' என்றே பெயரிட்டார்கள். நம்மவராயிருந்தால் கூழ் என்றிருப்பார்கள். கூழிலிருந்து நீரை வடித்து வடித்துத் தரையைக் கெட்டிப்படுத்தினார்கள். 1988, 1997, 2000 ஆகிய வருஷங்களில் மூன்று பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறிப் புதுப்பிக்கப்பட்டன. 1993-ல் பெரியதொரு பிரயாணிகள் கட்டடம் எழுந்தது. 2000-ம் வருஷத்தில் ஹனேடாவில் வந்து போனவர்கள் 5½ கோடிக்கு மேல். அநேகமாக எல்லாரும் உள்தேசப் பிரயாணிகள். சப்போரோவுக்கும் புகுவோகாவுக்கும் போகிற விமானங்கள் உலகிலேயே மிகுந்த கூட்டமுள்ளவை என்று பெயர் பெற்றன. அதிவேக ரயில் நன்றாக ஓடும் திசையில் மட்டும் விமானத்தின் ஜம்பம் சாயவில்லை. 1982-ல் ரயில் வந்ததும் டோக்கியோவுக்கும் செண்டாய்க்கும் இடையே விமானப் போக்குவரத்து மறைந்தே போயிற்று.

2003-ல் ஸியோல் நகரத்து கிம்போவுக்கும், 2007-ல் ஷாங்காய் நகரத்து ஹோங்சியாவோவுக்கும் ஹனேடாவிலிருந்து விமானம் விட்டார்கள். வெளிதேசத்துக்கு நரிதா என்ற விதியில் முதல் விரிசல் அது. 2010-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி நான்காவது ஓடுபாதையும் வெளிதேசப் பிரயாணிகளுக்கான கட்டடமும் திறந்தபோது விதியே உடைந்தது. அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி, தாமா நதியின் நீரோட்டம் தடைபடாதிருக்க, தூண்களின் மேல் பாலம்போல் நிற்கிறது. நதிக்கு வழி விட்டவர்கள் 1966-ல் மனிதருக்கும் விட்டிருக்கலாம்!

இதன் பலனைத் தொகைகளில் காணலாம். 2018-ல் ஹனேடாவின் தொகை சுமார் 8 கோடியே 70 லட்சம். 2019-ல் அதன் வெளிதேசப் பிரயாணிகள் மட்டும் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். பத்து வருஷத்துக்கு முன் அந்தக் கணக்கு இதில் ஒரு சிறு பங்கே. மூத்தது கொழுத்தால் இளையது மெலியும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை. அதே 2019-ல் நரிதா தன் சரித்திரத்திலேயே அதிகமாக 4 கோடியே 43 லட்சம் பேரைக் கண்டது. ஜப்பானைக் காண வந்த அன்னியரின் தொகை 2010-ல் 86 லட்சமாக இருந்தது, 2019-ல் 3 கோடியே 18 லட்சத்தைத் தாண்டியதே காரணம். வெள்ளம் பெருகும்போது இரண்டு வாய்க்காலும் நிரம்பத்தானே செய்யும்?

ஆனால் நரிதாவின் வாய்க்காலில் ஓடிய நீர் மாறியிருந்தது. 2012 முதல் மலிவுக் கட்டண விமானக் கம்பெனிகள் அங்கே குடியேறின. 2015-ல் அவற்றுக்கென்று அலங்காரமில்லாத ஒரு கட்டடமும் திறந்தது. உத்தியோக காரியமாகப் போகிற கனவான்கள் ஹனேடாவைத் தேடிப் போக, சிக்கனக் குடும்பங்களும் மாணவர்களும் நரிதாவை நிரப்பினார்கள். வெளிதேசத்துக்கென்றே கட்டிய நிலையத்தில் 2019-ம் வருஷத்து உள்தேசப் பிரயாணிகள் 70 லட்சத்துக்கு மேல்! நாற்பது வருஷத்துக்கு முன் வகுத்த விதி இரண்டு பக்கத்திலும் தலைகீழாயிற்று. (2010-ல் திறந்த இபராக்கி நிலையமும் தன்னை டோக்கியோவின் வாசல் என்று சொல்லிக் கொள்வதுண்டு. ஆனால் 2019-ல் அதன் பிரயாணிகள் பத்து லட்சத்துக்கும் குறைவு. ஆகையால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.)

2020-ல் கொரோனா வந்தது. இரண்டு நிலையங்களுக்கும் உள்ள வேற்றுமையை அந்த நோய் காட்டியதுபோல் வேறு எதுவும் காட்டவில்லை. உள்தேசப் பிரயாணம் குன்றினாலும் நிற்கவில்லை. ஆகவே அந்த வருஷத்தில் ஹனேடா 3 கோடிப் பேரோடு ஒருவாறு பிழைத்தது. தேசத்தின் கதவு மூடியபோது, கதவாகவே வாழ்ந்த நரிதா 1 கோடியே 5 லட்சத்துக்கும், அடுத்த வருஷம் 52 லட்சத்துக்கும் விழுந்தது. 2020 ஏப்ரலில், ஒரு தலைமுறை போராடிப் பெற்ற அந்த இரண்டாவது ஓடுபாதையைச் சில மாதங்கள் மூடியே வைத்தார்கள். சரக்கு மட்டும் குறையவில்லை. 2021-ல் சுமார் 26 லட்சம் டன் வந்து போயிற்று. நம் சென்னையிலிருந்து நேரே டோக்கியோவுக்குப் பறக்க 2019 அக்டோபரில் கிடைத்த விமானமும் நரிதாவுக்கே போயிற்று; ஆறு மாதம் ஆவதற்குள் அந்த நோய் அதை நிறுத்திவிட்டது.

கதவு மறுபடி திறந்தபோது கூட்டம் முன்போல் பிரிந்து போகவில்லை. நோய் பரவிய அதே 2020 மார்ச்சு மாதத்தில், ஹனேடாவுக்கு இறங்கும் விமானங்களை டோக்கியோ நகரத்தின் மேலேயே தாழப் பறக்கவிடப் புதிய வழி வகுத்து, நேர ஒதுக்கீட்டை அதிகமாக்கினார்கள். 'டெல்ட்டா' என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் டோக்கியோ விமானங்கள் எல்லாவற்றையும் நரிதாவிலிருந்து ஹனேடாவுக்கு மாற்றிற்று. டில்லியிலிருந்து போகும் ஏர் இந்தியாவும் 2025 மார்ச்சு 31 முதல் ஹனேடாவுக்கு மாறியது. 2024-ல் ஹனேடாவின் வெளிதேசக் கணக்கு 2 கோடியைத் தாண்டி 2019-ஐ மிஞ்சிற்று. நரிதாவின் வெளிதேசக் கணக்கு 3 கோடிக்கு மேல் வந்தும் 2019-ஐ எட்டவில்லை. இத்தனைக்கும் அந்த வருஷத்தில் ஜப்பானுக்கு வந்த அன்னியர் 3 கோடியே 68 லட்சத்துக்கு மேல். அதுவரை காணாத தொகை.

ஹனேடாவின் வெற்றிக்கும் விலை இல்லாமலில்லை. தென்காற்று வீசும் நாட்களில் பிற்பகலில் சில மணி நேரம், ஷிபுயா, ஷினகாவா முதலிய பேட்டைகளின் மாடிகளுக்கு மேலே விமானங்கள் வரிசையாக இறங்குகின்றன. பட்டணத்து ஜனங்களின் உறக்கத்தைக் காப்பதற்காக நாற்பது மைலுக்கு அப்பால் விவசாயிகளின் தலையில் ஏற்றிய சப்தம், சுற்றிக் கொண்டு பட்டணத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2020-ல் நகரவாசிகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2024-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி மாலை, சப்போரோவிலிருந்து வந்து இறங்கிய விமானம், பூகம்பத்தால் வருந்திய நோட்டோ ஜனங்களுக்கு உதவிப் பொருள் கொண்டு போகவிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின் மீது ஹனேடா ஓடுபாதையில் மோதிற்று. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும், அது முழுவதும் எரிந்து போகுமுன், ஒருவர் விடாமல் இறங்கித் தப்பினார்கள். சிறிய விமானத்தில் ஆறு பேரில் ஐவர் மாண்டார்கள். ஒரு மணியில் எத்தனை விமானம் இறங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களின் மேஜையில் அந்த ஐந்து பெயர்களும் இருக்க வேண்டும்.

நரிதாவில் மறுபடியும் வேலை தொடங்கியிருக்கிறது. 3500 மீட்டர் நீளத்தில் மூன்றாவது ஓடுபாதை ஒன்று போடுவதும், இரண்டாவதை அதே நீளத்துக்கு நீட்டுவதும் திட்டம். வருஷத்துக்கு 5 லட்சம் தடவை விமானங்கள் ஏறி இறங்க இடமுண்டாகும் என்கிறார்கள். 2029 மார்ச்சு மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்று தவணை வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, சப்தத்தையும் நஷ்ட ஈட்டையும் பற்றிப் பேசி, உள்ளூர்ச் சபைகளின் சம்மதம் பெற்றே ஆரம்பித்தார்கள். 2025-ம் வருஷம் மே மாதத்தில் மண் வெட்டத் தொடங்கியபோது, வேண்டிய நிலம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை. விற்க மனமில்லாதவர்களின் வீட்டு வாசலுக்கு அதிகாரிகள் போய்ப் பேசிக் கொண்டிருந்தார்கள்.